டோல் இலவசம் என்றாலும் அட்டையைத் தட்டிவிட்டுத்தான் போகணும்

மலேசியாவில் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் தவறாமல் ஒரு செய்தி சுற்றும், "நாளைக்கும் நாளன்னைக்கும் டோல் இலவசம்" என்று. அதைப் படித்த கையோடு ஆளாளுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாவடியில் தட்டும் டச் அண்ட் கோ அட்டையில் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த அட்டை எந்தக் காரில் கிடக்கிறது என்று பார்க்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் அதிகம். இலவசம்தானே, அப்புறம் அட்டை எதற்கு என்ற நினைப்புத்தான்.

அந்த நினைப்போடு கிளம்பிய ஒருவர் என் மச்சான். சீனப் புத்தாண்டு விடுமுறை, டோல் முழு இலவசம். உள்ளே நுழையும்போது முன் இருக்கையில் இருந்த என் தங்கச்சி தன் கைப்பையிலிருந்து அவள் அட்டையை எடுத்து நீட்ட, அதைத் தட்டிவிட்டுப் போனார்கள். வழியில் ஆர் அண்ட் ஆரில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) நிறுத்திப் பசியாறினார்கள், பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்கள், இடம் போதவில்லை என்று கைப்பை உட்பட எல்லாவற்றையும் காரின் பின்பெட்டியில் போட்டுவிட்டார்கள். வெளியேறும் சாவடியில் மச்சான் கியர் பக்கத்தில் கிடந்த தன் சொந்த அட்டையை எடுத்துத் தட்டினார். சிவப்பு விளக்கு. மறுபடி தட்டினார். சிவப்பு. "இன்னிக்கு ஃப்ரீதானே, ஏன் திறக்க மாட்டேங்குது?" என்று கண்ணாடியை இறக்கிக் கத்துகிறார், பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன். ஊழியர் வந்து பொறுமையாகக் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே வரும்போது தட்டியது இந்த அட்டையா? அப்புறம் என்ன, மச்சான் இறங்கிப் பின்பெட்டியைத் திறந்து, முறுக்கு டப்பாவையும் பட்டாசுப் பெட்டியையும் தள்ளி, கைப்பையைத் தோண்டி எடுத்து, அந்த அட்டையைத் தட்டியதும் தடுப்பு எழுந்தது. திரையில் கட்டணம் சுழியம். பணம் ஒரு காசு போகவில்லை, மானம் போனது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். டச் அண்ட் கோ அட்டை பணப்பை மட்டும் இல்லை, அது நுழைவுச் சீட்டும்கூட. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெரும்பகுதி மூடிய முறையில் ஓடுகிறது. அதாவது உள்ளே நுழையும்போது ஒரு தட்டு, வெளியேறும்போது ஒரு தட்டு. முதல் தட்டில் நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்று அட்டையில் பதிகிறது. இரண்டாவது தட்டில் அதைப் படித்துத் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் கணக்காகிறது. இலவச நாளில் மாறுவது அந்தக் கடைசிக் கணக்கு மட்டும்தான், தொகை சுழியமாகிவிடும். நுழைவு பதிய வேண்டும், வெளியேற்றம் பதிய வேண்டும் என்பதெல்லாம் அப்படியேதான் இருக்கும். தடுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்க வாங்க என்று யாரும் காத்திருக்கப்போவதில்லை.

நகரத்து நெடுஞ்சாலைகள் வேறு மாதிரி. கோலாலம்பூர் பக்கத்து எல்டிபி, கெசாஸ், என்பிஇ போன்றவற்றில் சாவடிக்குச் சாவடி ஒரே தொகை, ஒரே தட்டு, அதற்கு முன்னால் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேள்வி இல்லை. அங்கே வேறு அட்டையைத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. தினமும் வேலைக்கு அதில் போய்ப் பழகிய கைதான் பெருநாள் அன்றைக்கு மூடிய நெடுஞ்சாலையில் தடுமாறுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அறிவிப்பை ஒழுங்காகப் படியுங்கள்

வாட்சப்பில் வரும் "டோல் ஃப்ரீ" என்ற இரண்டு வார்த்தையை நம்பிக் கிளம்பாதீர்கள். பாதி நேரம் அது போன வருடத்துச் செய்தி, தேதியை வெட்டிவிட்டு யாரோ மறுபடி அனுப்பியது. பொதுப்பணி அமைச்சு ஒவ்வொரு பெருநாளுக்கும் தனித்தனியாக அறிவிக்கும். அதில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

முழு இலவசமா, பாதிக் கழிவா என்பது முதல் விஷயம். 2024-இல் சீனப் புத்தாண்டுக்குப் பிப்ரவரி 8, 9 இரண்டு நாளும், நோன்புப் பெருநாளுக்கு ஏப்ரல் 8, 9 இரண்டு நாளும் முழு இலவசம் கிடைத்தது. 2025 சீனப் புத்தாண்டில் அது மாறிவிட்டது, ஜனவரி 27, 28-இல் 50 விழுக்காடு கழிவு மட்டும்தான். ஆனால் சனங்கள் வாயில் இன்னும் "டோல் ஃப்ரீ"தான். முழு இலவச நாளில் அட்டையில் பணம் குறைவாக இருந்தாலும் எப்படியோ தப்பிக்கலாம் என்று நினைக்கலாம் (அதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்), பாதிக் கழிவு நாளில் அந்தக் கதையே இல்லை. வழக்கமாக 40 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் பாதைக்கு 20 வெள்ளி பிடிப்பார்கள், அட்டையில் 12 வெள்ளி இருந்தால் தடுப்பு எழாது. அவ்வளவுதான்.

இரண்டாவது, உங்கள் வண்டி எந்த வகுப்பு. இந்தச் சலுகை வகுப்பு 1-க்குத்தான். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் உள்ள தனியார் வண்டிகள், அதாவது நாம் ஓட்டும் சாதாரணக் கார், எம்பிவி, வேன் எல்லாம் இதில் வந்துவிடும். டாக்சி வகுப்பு 4, பேருந்து வகுப்பு 5, பின்பக்கம் இரட்டைச் சக்கரம் வைத்த ஆறு சக்கர லோரி வகுப்பு 2, மூன்று அச்சோ அதற்கு மேலோ இருந்தால் வகுப்பு 3. குடும்பமே ஒன்றாகப் போகலாம் என்று பேருந்து வாடகைக்கு எடுப்பவர்கள், சாமான் ஏற்ற லோரி பிடிப்பவர்கள் இலவசத்தைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேச வேண்டாம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் எந்த நாளும் கட்டணம் இல்லை, அவர்கள் இந்தக் கட்டுரையையே மூடிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது, சிங்கப்பூர் எல்லைச் சாவடிகள். ஜொகூரில் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தில் இருக்கும் சாவடி, இரண்டாவது பாலத்துப் பக்கம் தஞ்சோங் கூப்பாங் சாவடி, இந்த இரண்டையும் சலுகையில் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து தீபாவளிக்கு வரும் சொந்தங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் பதிவுக் காருக்கு ஜொகூருக்குள் நுழையும்போது 20 வெள்ளி சாலைக் கட்டணமும் அட்டையிலிருந்துதான் போகும். பாலம் தாண்டி வந்து நிற்கும்போது அட்டை காலி என்று தெரிந்தால் அந்த நெரிசலில் ஒதுங்கக்கூட இடம் கிடைக்காது.

நான்காவது நேரம். வழக்கமாக நள்ளிரவு 12.01-க்குத் தொடங்கி, அறிவித்த கடைசி நாள் இரவு 11.59-க்கு முடியும். இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால்

ஒரு நாள் முன்னாலேயே அட்டையைக் கையில் எடுங்கள். மீதம் எவ்வளவு? என்எப்சி குறி போட்ட புதிய அட்டை என்றால் கைப்பேசியில் டச் அண்ட் கோ செயலியைத் திறந்து அட்டையை முதுகுப் பக்கம் வைத்தாலே காட்டிவிடும், அதிலேயே பணமும் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது அவசரப்பட்டு அட்டையை உருவிவிடாதீர்கள், முடிந்தது என்று திரையில் வரும்வரை ஒட்டியே வைத்திருங்கள். பழைய அட்டை என்றால் பெட்ரோல் நிலையத்துக்கோ கடைக்கோ போய்த்தான் ஏற்ற வேண்டும், சில இடத்தில் 50 காசு சேவைக் கட்டணம் பிடிப்பார்கள். பெருநாளுக்கு முதல் நாள் மாலை அந்த வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் ஒரு நாள் முன்னால் என்கிறேன். இன்னும் பழைய அட்டையை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் 10 வெள்ளி போட்டு என்எப்சி அட்டை வாங்கிவிடலாம், அந்த 10 வெள்ளிக்கு அது நல்ல வாங்கல்.

இங்கே ஒரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். செயலியில் இருக்கும் இ-வாலட் பணம் வேறு, அட்டைக்குள் இருக்கும் பணம் வேறு. இ-வாலட்டில் 100 வெள்ளி போட்டுவிட்டு "அட்டையில் 100 வெள்ளி இருக்கு" என்று நம்பி டோலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். என் அப்பா அப்படித்தான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தார், அட்டையில் எப்போதும் பழைய பணம் கொஞ்சம் இருந்ததால் மாட்டிக்கொள்ளவில்லை. அட்டையை செயலியில் சேர்த்து, பே டைரக்ட் என்ற இணைப்பைத் திறந்து வைத்தால்தான் டோலில் தட்டும்போது இ-வாலட்டிலிருந்து பணம் போகும். இ-வாலட்டில் போதாவிட்டால் அட்டையில் இருப்பதிலிருந்து எடுக்கும். இரண்டிலும் இல்லாவிட்டால் நீங்கள் நடுவழியில். ஆகவே எனக்குத் தெரிந்த பாதுகாப்பான வழி, இணைப்பு இருந்தாலும் அட்டைக்குள்ளேயே ஒரு முழுப் பயணத்துக்கான தொகையை வைத்திருப்பது. டேட்டா தீர்ந்தாலும், செயலி தகராறு செய்தாலும், அட்டை அதுபாட்டுக்கு வேலை செய்யும்.

ஸ்மார்ட் டேக் (அட்டையைச் செருகிக் காருக்குள் வைக்கும் பெட்டி, தட்டாமலே சாவடி படித்துக்கொள்ளும்) இன்னும் வைத்திருப்பவர்கள் அதிலுள்ள 9 வோல்ட் பேட்டரியை மாற்றிவிடுங்கள். அந்தப் பெட்டி விற்பனைக்கு வருவது நின்று வருடங்கள் ஆகிவிட்டன, இருப்பதெல்லாம் வயசான பெட்டிகள். வெயிலில் கண்ணாடிக்கு அடியில் வெந்து, பேட்டரி பாதி செத்த நிலையில், நகரத்துச் சாவடியில் எப்படியோ திறக்கும், நீண்ட பயணத்தில்தான் காலை வாரும். உள்ளே அட்டை ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்மார்ட் டேக் பெட்டி பணம் வைத்துக்கொள்வதில்லை, எல்லாக் கணக்கும் உள்ளே இருக்கும் அட்டையில்தான். இதில் ஒரு வசதியும் உண்டு. ஸ்மார்ட் டேக் தடத்தில் நுழைந்துவிட்டு வெளியேறும் இடத்தில் பேட்டரி செத்துவிட்டால், அதே அட்டையை உருவி டச் அண்ட் கோ தடத்தில் தட்டலாம். நுழைவுப் பதிவு அட்டையில் இருப்பதால் கணக்கு சரியாக வரும்.

ஆர்எப்ஐடி (சாவடி தானாகப் படிக்கும் ஸ்டிக்கர்) ஒட்டியவர்களுக்கு வேலை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஸ்டிக்கரில் பணம் கிடையாது, அது இ-வாலட்டிலிருந்தோ நீங்கள் இணைத்த வங்கி அட்டையிலிருந்தோ எடுக்கும். செயலியில் அந்த வண்டி எண்ணுக்கு நேராகச் செயல்பாட்டில் இருக்கிறது என்று காட்டுகிறதா பாருங்கள். காரை விற்று வாங்கியவர்கள், கண்ணாடி மாற்றியவர்கள், முன்விளக்கு மாற்றியவர்கள் இரண்டு தடவை பாருங்கள், ஏனென்றால் ஸ்டிக்கர் பழைய விளக்கோடு பட்டறைக் குப்பையில் கிடக்கும், நீங்கள் இருக்கிறது என்று நினைத்துத் தடத்துக்குள் போவீர்கள்.

இன்னொன்று, ரொக்கத்தை நம்பாதீர்கள். சாவடியில் காசு வாங்கும் காலம் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் நீண்ட பயணம் போகும் பெரியவர்கள் 50 வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பதை இன்னும் பார்க்கலாம்.

சாவடியில்

நுழையும்போது எதைத் தட்டினீர்களோ அதையே வெளியேறும்போதும் தட்டுங்கள். ஆர்எப்ஐடியில் நுழைந்தால் ஆர்எப்ஐடியில்தான் வெளியேற வேண்டும், அட்டையில் நுழைந்தால் அதே அட்டை. "அட்டைத் தடத்தில் வரிசை நீளமாக இருக்கிறது, ஆர்எப்ஐடி காலியாக இருக்கிறது, நம் காரில்தான் ஸ்டிக்கர் இருக்கிறதே" என்று கடைசி நிமிடத்தில் தடம் மாறுகிறவர்களால்தான் காலியாக இருந்த தடமும் அடைத்துக்கொள்கிறது. உள்ளே வந்ததற்கே பதிவு இல்லாத ஸ்டிக்கர், எப்படித் திறக்கும்?

நான் செய்வது சின்ன வேலை. நுழைவுச் சாவடியில் தட்டிய அட்டையை உடனே கதவுப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிடுவேன், பயணம் முடியும்வரை அது அங்கேயேதான் இருக்கும், கைப்பைக்கும் சட்டைப் பைக்கும் போகாது. ஓட்டுநர் மாறினாலும் அட்டை மாறாது. வீட்டில் மூன்று அட்டை இருந்தால் எழுத்து அழியாத பேனாவில் ஒவ்வொன்றிலும் கார் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதி வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சாவடிக்கு வரும்போது அதன் அருமை தெரியும்.

பர்ஸோடு சேர்த்துத் தட்டாதீர்கள். உள்ளே வங்கி அட்டை இருக்கும், அதைவிட மோசம் மைகாட் (அடையாள அட்டை) இருக்கும். மைகாட்டிலும் டச் அண்ட் கோ வசதி உண்டு என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. பர்ஸை வைத்தால் கருவி எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது, உள்ளே வரும்போது ஒன்றைப் படித்து வெளியே போகும்போது இன்னொன்றைப் படித்தால் மச்சான் கதைதான். அட்டையைத் தனியே எடுத்து, தட்டையாக வைத்து, பச்சை விளக்கு வரும்வரை கையை எடுக்காமல் இருங்கள். சும்மா ஒரு வீசு வீசிவிட்டுப் போனால் பதியாமல் போக வாய்ப்பு உண்டு.

நுழைவில் இது முக்கியம், வெளியேறும்போது இருப்பதைவிட முக்கியம். முன்னால் போன காரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தடுப்பு இறங்குவதற்குள் நுழைந்துவிட்டால் உங்களுக்கு நுழைவுப் பதிவே இருக்காது. "இன்னைக்கு ஃப்ரீ, யார் கேட்கப் போறா" என்று போகிறவர்கள் வெளியேறும் இடத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். நுழைவுப் பதிவு இல்லாத வண்டியை மிகத் தூரத்துச் சாவடியிலிருந்து வந்ததாகக் கணக்குப் போடுவதுதான் மூடிய முறையின் வழக்கம். இலவச நாளில் மன்னித்து விடுவார்களா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் அதுவல்ல.

இரண்டு கார் சேர்ந்து போனால் இரண்டு அட்டை வேண்டும். முன் காரில் தட்டிவிட்டு ஜன்னல் வழியாகப் பின் காருக்கு அட்டையைக் கொடுக்கும் வித்தை நகரத்துச் சாவடியில் பலித்திருக்கலாம். மூடிய நெடுஞ்சாலையில் பலிக்காது, ஏற்கெனவே உள்ளே இருக்கும் அட்டை மறுபடி உள்ளே நுழைய முடியாது.

வடக்கே போகிறவர்கள் ஒன்று கவனிக்கவும். ஜூரு சாவடியில் வெளியேறினால் ஒரு கணக்கு முடிந்தது. சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் பக்கம் தொடர்ந்தால் சுங்கை டுவாவில் புதிய கணக்கு தொடங்கும். தெற்கிலிருந்து வரும் ஆட்கள் கோலாலம்பூருக்குள் போகாமல் எலைட் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போனால் இடையில் வெளியேறாமலே வடக்கே ஏறலாம், அவ்வளவு தூரமும் ஒரே நுழைவுப் பதிவுதான். நீண்ட தூரம், நடுவில் மூன்று நிறுத்தம், அட்டை காணாமல் போக நிறைய நேரம்.

நள்ளிரவுக் கணக்கு

இலவசம் 12.01-க்குத் தொடங்குகிறது என்றால் இரவு 9 மணிக்கே சுங்கை பெசியில் ஏறி, மெதுவாக உருட்டிக்கொண்டு போய், நள்ளிரவு தாண்டி வெளியேறினால் முழு இலவசமா என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். மூடிய முறையில் கட்டணம் கணக்காவது வெளியேறும் சாவடியில்தான், ஆகவே வெளியேறும் நேரத்தை மனத்தில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். இது இரண்டு பக்கமும் வெட்டும். கடைசி நாள் இரவு 8 மணிக்கு இலவச நேரத்தில்தானே ஏறினேன் என்று நிம்மதியாகக் கிளம்பி, தாப்பாவில் ஒரு மணி நேரம் நெரிசல், ஆர் அண்ட் ஆரில் அரை மணி நேரம் கழிப்பறை வரிசை என்று போய், 12.10-க்கு வெளியேறும் சாவடியைத் தொட்டால் இலவசம் கையை விட்டுப் போயிருக்கும். அறிவித்த நேரம் முடிய ஒரு மணி நேரமாவது இருக்கும்போது வெளியேறுகிற மாதிரி கிளம்புங்கள். முடியாது என்று தெரிந்தால் விட்டுவிட்டு நிதானமாக வாருங்கள், 20 வெள்ளிக்காக 140-இல் பறப்பதில் என்ன லாபம், கேமரா பிடித்தால் அபராதமே அதைவிடப் பல மடங்கு.

இன்னொரு கூத்தும் நடக்கும். 11.45-க்குச் சாவடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டு, 12.01 ஆகட்டும் என்று அவசரத் தடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அவசரத் தடத்தில் நிற்கும் காரைப் பின்னால் வருகிறவன் ஓடும் கார் என்று நினைத்துவிடுவான். காத்திருந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முந்தைய ஆர் அண்ட் ஆரில் ஒரு தே தாரேக் குடியுங்கள். பிளஸ் நிறுவனம் நடத்தும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நெரிசல் நேரத்தில் சில இடங்களில் அவசரத் தடத்தை ஸ்மார்ட் லேன் என்று திறந்துவிடுவார்கள், அறிவிப்புப் பலகை இருந்தால் மட்டும் அதில் போகலாம், அதுவும் போவதற்குத்தான், நிற்பதற்கு இல்லை. எந்த நாளில் எந்த நேரத்தில் கிளம்பலாம் என்ற பயண நேர ஆலோசனையையும் ஒவ்வொரு பெருநாளுக்கும் பிளஸ் வெளியிடும். முக்கால்வாசிப் பேர் அதைப் படிக்காமல் ஒரே நேரத்தில் கிளம்புவதால், படித்தவனுக்கு ரோடு கொஞ்சம் காலியாகக் கிடைக்கும்.

தடுப்பு எழவில்லை என்றால்

பின்னால் எடுக்காதீர்கள். முதலில் சொல்வதும் கடைசியில் சொல்வதும் இதுதான். பின்னால் ஐந்து கார் நிற்கும், ஐந்தாவது காருக்கு நீங்கள் பின்னால் வருவது தெரியாது. கையைத் தூக்கிக் காட்டுங்கள் அல்லது உதவிப் பொத்தானை அழுத்துங்கள், ஊழியர் வருவார். பெருநாள் காலத்தில் சாவடிகளில் கூடுதல் ஆட்களைப் போட்டிருப்பார்கள், அவர்கள் பாவம் காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். எங்கே ஏறினீர்கள், எதைத் தட்டினீர்கள் என்று சொல்லுங்கள். பணம் போதவில்லை என்றால் தொகை ஏற்றும் வசதி பக்கத்தில் எங்கே என்று அவரே காட்டுவார். என்எப்சி அட்டை என்றால் காரில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் ஏற்றி மறுபடி தட்டிவிடலாம், போன வருடம் என் தங்கச்சி அப்படித்தான் ஒரு நிமிடத்தில் வெளியே வந்தாள். (ஆமாம், அவளும் மாட்டினாள். அந்த வீட்டில் இது பரம்பரை வியாதி.)

வெளியேறும்போது திரையைப் பாருங்கள். முழு இலவச நாளில் சுழியம் வர வேண்டும், பாதிக் கழிவு நாளில் பாதித் தொகை வர வேண்டும், பக்கத்தில் அட்டையின் மீதமும் காட்டும். அந்த மீதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அல்லது பக்கத்தில் இருப்பவரைக் கைப்பேசியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றினால் சாவடியிலேயே சண்டை வேண்டாம், அங்கே அவரால் பணத்தைத் திருப்பித் தர முடியாது. வீட்டுக்குப் போய்ச் செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்தால் எங்கே நுழைந்தது, எங்கே வெளியேறியது, எவ்வளவு பிடித்தது என்று வரும். ஆர்எப்ஐடி கணக்கு சில நேரம் தாமதமாகத்தான் ஏறும், இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் தப்பாக இருந்தால் தேதி, நேரம், சாவடியின் பெயர், அட்டை எண் எல்லாவற்றையும் எழுதிப் புகார் கொடுங்கள், திரைப்பிடிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். "டோல் ஃப்ரீ நாளில் காசு பிடிச்சிட்டீங்க" என்று மட்டும் எழுதினால், எந்தச் சாவடி, எத்தனை மணி என்று பதில் கேள்வி வந்து அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

திரும்பி வரும் பயணம்

சலுகை நாட்கள் பெரும்பாலும் பெருநாளுக்கு முன்னால்தான் விழும், கம்பத்துக்கு (சொந்த ஊருக்கு) போகிறவர்களுக்காக. திரும்பி வரும் நாளில் முழுக் கட்டணம். போகும்போது எதுவும் பிடிக்கவில்லை என்பதால் அட்டை ஞாபகமே இருக்காது. மூன்று நாள் விருந்து, தூக்கம் இல்லாத இரவு, காரில் தூங்கும் பிள்ளைகள், அம்மா கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலம், இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் மீதம் 6 வெள்ளி என்று தெரியும். கம்பத்தில் இருக்கும் ஒரே பெட்ரோல் நிலையத்தில் ஊரே நிற்கும், ரீலோட் கருவியும் அன்றைக்கென்று வேலை செய்யாது. ஆகவே திரும்பும் பயணத்துக்கான தொகையை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள், அதுவும் முழுக் கட்டணமாக, பாதியாக இல்லை. எவ்வளவு என்று தெரியாவிட்டால் போன தடவை போன கணக்கு செயலியில் இருக்கும், அதைப் பார்த்து மேலே 20 வெள்ளி கூடப் போடுங்கள், மீதமானால் அடுத்த வாரம் எல்டிபியில் தீர்ந்துவிடும்.